கம்பி வழியே – 14: பின்னால் ஓடிய மீட்டர்

நியூயார்க்கில், மன்ஹாட்டன் தீவின் கிழக்குக் கரையை ஒட்டி 14-வது தெருவில், கான் எடிசன் மின் நிறுவனத்தின் பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் புகைபோக்கிகளிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கிழக்கு 11-வது தெருவில் இருக்கிறது 519-ம் எண் கட்டடம். 1970-களின் தொடக்கத்தில் அந்த வட்டாரமே பாழடைந்து கிடந்தது. வருகிற வாடகை வரி கட்டக்கூடக் காணாது என்று சொந்தக்காரர்கள் கட்டடங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சிலவற்றில் தீப்பிடித்தது, சிலவற்றில் தீ வைக்கப்பட்டது. 519-ம் எரிந்து கிடந்த கட்டடம்தான். அக்கம்பக்கத்து ஏழைக் குடும்பங்களும் சில இளைஞர்களும் சேர்ந்து நகராட்சியிடமிருந்து அதை வாங்கி, கடன் பெற்று, கையில் பணம் இல்லாத குறைக்குத் தங்கள் உடலுழைப்பையே முன்பணமாக வைத்துச் செப்பனிட்டுக் குடியேறினார்கள்.

அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலை நாலு மடங்கான காலம் அது. நியூயார்க் குளிருக்கு வீட்டைச் சூடாக்குவதே பெருஞ்செலவு. அதனால் சுவர்களுக்குள் வெப்பத்தடுப்பு வைத்தார்கள். மொட்டை மாடியில் வெயிலில் தண்ணீர் காய்ச்சும் தகடுகளைப் பொருத்தினார்கள். 1976 நவம்பரில் அதே மாடியில் ஒரு கோபுரம் எழுப்பி, அதன் உச்சியில் 2 கிலோவாட் காற்றாடி ஒன்றையும் ஏற்றிவிட்டார்கள்.

காற்றாடி புதிதல்ல. ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, கம்பி போகாத பண்ணை வீடுகளுக்காக 1930-களிலும் 40-களிலும் ஆயிரக்கணக்கில் செய்து விற்ற வகை. கிராமங்களுக்கு அரசு உதவியோடு மின்கம்பி போய்ச் சேர்ந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. 1950-களில் கம்பெனியும் மூடப்பட்டது. பழைய காற்றாடிகள் பண்ணைகளில் துருப்பிடித்து நின்றன. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் செப்பனிட்டு மன்ஹாட்டன் மாடியில் ஏற்றினார்கள். மாடிப்படி விளக்குகளுக்கும், சுடுதண்ணீரைச் சுற்றவிடும் பம்புகளுக்கும் அது போதும் என்பது கணக்கு.

சிக்கல் காற்றில் இருந்தது. விளக்கு வேண்டிய நேரத்தில் காற்று வராது; நள்ளிரவில் எல்லோரும் தூங்கும்போது பேயாய் வீசும். பேட்டரி வைத்தால் காற்றாடியைவிட அதற்குச் செலவு கூடுதல். அதனால் கட்டடக்காரர்கள் அப்போது புதிதாய்ச் சந்தைக்கு வந்திருந்த ஓர் இன்வெர்ட்டரை வாங்கி, காற்றாடியின் மின்சாரத்தைக் கான் எடிசன் கம்பியோடு இணைத்தார்கள். மிச்சமானது கம்பிக்குள் போகும். போதாதபோது கம்பியிலிருந்து வரும்.

அந்தக் காலத்து மீட்டரைப் பார்த்தவர்களுக்கு மற்றது புரிந்திருக்கும். கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு, ஓரத்தில் கறுப்புக் கோடு. வீட்டில் மின்விசிறி ஓடினால் மெல்லச் சுற்றும், அயர்ன் பாக்ஸ் போட்டால் விரைந்து சுற்றும். மின்சாரம் எதிர்த்திசையில் பாய்ந்தால் அந்தத் தட்டும் எதிர்த்திசையில் சுற்றும், எண்கள் குறையும். அப்படிச் சுற்று என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதன் இயல்பே அப்படி. ‘நெட் மீட்டரிங்’ என்று இன்று நாம் சொல்வதைச் சட்டம் எழுதியவர்களுக்கு முன்பே அந்தத் தட்டு செய்து காட்டிவிட்டது.

கான் எடிசனுக்குச் சேதி போனது. இப்படி இணைப்பது எங்கள் அமைப்புக்குக் கேடு, எங்கள் ஊழியர்களுக்கு ஆபத்து, வழக்குப் போடுவோம் என்றது. பல ஆயிரம் மெகாவாட் விற்கிற நிறுவனம், மாடிப்படி விளக்கு எரிக்கும் 2 கிலோவாட்டைப் பார்த்துப் பயந்ததாகச் சொன்னது. கட்டடக்காரர்களுக்காக வாதாட வந்தவர் ராம்சே கிளார்க். லிண்டன் ஜான்சன் ஆட்சியில் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். 1977-ல் மாநிலப் பொதுச் சேவை ஆணையம் கட்டடத்தின் பக்கம் நின்றது: கான் எடிசன் அந்த மின்சாரத்தை ஏற்க வேண்டும். அதே 1977 ஜூலையில் அடுத்தடுத்து இடி விழுந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிகள் துண்டிக்கப்பட்டு, நியூயார்க் நகரமே ஓர் இரவும் மறுநாளும் இருண்டு கிடந்தது. கிரிட்டின் நலம் பற்றி அந்த நிறுவனம் பாடம் நடத்துவதற்கு அது நல்ல வருடமல்ல.

அடுத்த ஆண்டே, 1978 நவம்பரில், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பொதுப் பயன்பாட்டு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் 210-வது பிரிவு, சிறு உற்பத்தியாளர் இணைப்புக் கேட்டால் மின் நிறுவனம் மறுக்கக்கூடாது என்றது. அவர் தரும் மின்சாரத்தை, அதே யூனிட்டை நிறுவனமே உற்பத்தி செய்திருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அந்த விலைக்கு வாங்கவும் வேண்டும். மின் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன; 1982-லும் 1983-லும் தோற்றன. 1983-ல் மின்னசோட்டா மாநிலம், சிறிய உற்பத்தியாளர்களுக்கு நெட் மீட்டரிங்கைச் சட்டமாகவே ஆக்கியது.

கதையை இங்கேயே முடித்தால் கான் எடிசன் வில்லன், மாடிக்காரர்கள் ஹீரோ என்று ஆகிவிடும். ஆனால் ‘ஊழியர்களுக்கு ஆபத்து’ என்ற வாதம் வெறும் சாக்கு அல்ல. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அது 250, வீட்டுக்கு வந்து சேரும்போது 230 சொச்சம். ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்ற பேதம் கிடையாது. கீழ்ப்பக்கத்திலிருந்து 230 வோல்ட்டைக் கொடுத்தால் மேல்பக்கத்தில் பத்தாயிரம் வோல்ட்டாக்கிக் காட்டும். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்கு, எங்கோ ஒரு வீட்டிலிருந்து உயிர் வந்த கம்பி காத்திருக்கும்.

இது கற்பனை பயமில்லை. சோலார் வருவதற்கு முன்பே டீசல் ஜெனரேட்டர்கள் இதைச் செய்திருக்கின்றன. கல்யாண மண்டபத்திலோ கடையிலோ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்காமல், கரண்ட் போனதும் ஜெனரேட்டர் வயரை நேரே போர்டில் சொருகிவிடுவார்கள். மெயினை அணைக்க மறந்தால் அது தெருவுக்குள் பாயும். தெருவின் சுமை முழுக்க அதன் தலையில் ஏறினால் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் கம்பி அறுந்துபோய், இரண்டு மூன்று வீடுகள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் துண்டில் அது நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். லைன்மேன் வேலை செய்ய வருவதோ பெரும்பாலும் அந்த அறுந்த துண்டுக்குத்தான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எல்.சி. (லைன் கிளியர்) வாங்கியதோடு விடுவதில்லை. எர்த் ராடைக் கம்பியில் மாட்டி, மறுமுனையை மண்ணில் இறக்கிய பிறகே கையை வைப்பார்கள். விதி அதுதான். புயல் மழையில், நாலு தெருவிலிருந்து ஒரே நேரத்தில் போன் வரும் இரவில், எத்தனை பேருக்கு அந்த ராடு கையில் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

அதனால் கம்பியோடு இணையும் சோலார் இன்வெர்ட்டருக்கு முதல் கடமை மின்சாரம் தருவதல்ல, நிறுத்துவது. கம்பியில் உயிர் இருக்கிறதா என்று அது ஓயாமல் சோதிக்கிறது. வோல்டேஜை அளந்தால் மட்டும் போதாது, ஏனென்றால் தான் தரும் வோல்டேஜையே அது அளந்து ஏமாந்துபோகலாம். ஆகவே ஒரு தந்திரம் செய்கிறது: அலைவெண்ணைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளிப் பார்க்கும். பின்னால் பெரிய கிரிட் இருந்தால் தள்ளியது நகராது. கிரிட் இல்லையென்றால் அலைவெண் வழுக்கிக்கொண்டு போகும். தான் தனியாக நிற்கிறோம் என்று இன்வெர்ட்டருக்குத் தெரிந்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ம் ஆண்டு விதிப்படி, இரண்டு வினாடிக்குள் அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கரண்ட் திரும்பி வந்தாலும் உடனே சேரக்கூடாது; கம்பி நிதானத்துக்கு வந்துவிட்டதா என்று குறைந்தது அறுபது வினாடியாவது பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும்.

வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் கரண்ட் போனால், மாடியில் 3 கிலோவாட் தகடு வைத்த வீட்டிலும் மின்விசிறி நிற்பதன் ரகசியம் இதுதான். இரண்டு லட்ச ரூபாய்க்குப் பக்கம் போட்டுவிட்டு விசிறிமட்டையைத் தேடும் வீட்டுக்காரரின் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் போக வேண்டியது இன்வெர்ட்டர் மீதல்ல. பேட்டரி இல்லாத அமைப்பில் இப்படித்தான் நடக்கும் என்று விற்றவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். விற்பவர்கள் அதை மட்டும் லாகவமாக விட்டுவிடுகிறார்கள்.

நியூயார்க்கில் வக்கீல்கள் மோதிக்கொண்டிருந்த அதே காலத்தில், டென்மார்க்கில் ஒரு தச்சர் இந்த வேலையை இன்வெர்ட்டரே இல்லாமல் முடித்துவிட்டார். கிறிஸ்டியன் ரீசாகர், ஜட்லாந்துப் பகுதிக்காரர். 1970-களின் நடுவில் தன் வீட்டுத் தோட்டத்தில் காற்றாலை ஒன்றைக் கட்டினார். மாதிரிக்கு அவர் எடுத்துக்கொண்டது ஜோஹன்னஸ் யூல் என்ற பொறியாளர் 1957-ல் கெட்சர் என்ற ஊரில் நிறுத்திய 200 கிலோவாட் காற்றாலை. பத்தாண்டு ஓடிவிட்டு, எண்ணெய் மலிவாய்க் கிடைத்ததால் நிறுத்தப்பட்டது அது. ரீசாகர் பட்டறையில் கிடைத்ததை வைத்து வேலையை முடித்தார். பல்சக்கரப் பெட்டியும் பிரேக்கும் வாகனச் சாமான்களிலிருந்து வந்தன. ஜெனரேட்டர்? கடையில் விற்கும் சாதாரண மின்மோட்டார்.

இது எப்படி முடியும் என்று தெரிய, கோயம்புத்தூரில் செய்த பம்ப்செட் மோட்டார் ஏதாவதொன்றின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். வேகம் நிமிடத்துக்கு 1440 சுற்று என்று இருக்கும். கம்பியில் வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் மோட்டாருக்குள் உருவாக்கும் காந்தப்புலம் 1500 சுற்றில் சுழல்கிறது. தண்ணீரை இழுக்கும் சுமையால் மோட்டார் அறுபது சுற்று பின்தங்கி ஓடுகிறது. பின்தங்கும் வரை அது மின்சாரத்தைத் தின்னும். அதே தண்டை வெளியிலிருந்து யாராவது பிடித்து 1500-ஐத் தாண்டித் தள்ளினால்? 1540, 1550 என்று முந்த ஆரம்பித்த நொடியில் மின்சாரம் திரும்பிப் பாய்கிறது. மோட்டாரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அது மோட்டாரா ஜெனரேட்டரா என்பதை, யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். ஆயிரம் பேர் வடம் பிடித்து ஒரே தாளத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சிறுவன் ஓடிவந்து வடத்தைப் பிடிக்கிறான். தேரின் வேகத்தை அவனால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அந்தத் தாளத்துக்குள் தன் பங்கைச் சேர்க்கத்தான் முடியும். தாளம் தப்பிப் பிடித்தால் கை தேய்வது அவனுக்குத்தான். யூலும் ரீசாகரும் செய்தது, தாளத்தைக் கிரிட்டிடமே விட்டுவிட்டது.

இந்த மோட்டாருக்கு இன்னொரு குணமும் உண்டு. தன் காந்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. அதற்கான மின்னோட்டத்தைக் கம்பியிலிருந்தே கடன் வாங்கும். அதனால் கம்பி செத்தால் பெரும்பாலும் இதுவும் அடங்கிவிடும். லைன்மேனுக்கு நல்லது. மின்வாரியத்துக்கு அத்தனை நல்லதல்ல, ஏனென்றால் அந்தக் கடன்தான் ‘ரியாக்டிவ் பவர்’. நூற்றுக்கணக்கில் காற்றாலைகள் சேர்ந்து கடன் கேட்டால் வட்டாரத்தின் வோல்டேஜே தொங்கிப்போகும். தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்களிடம் ரியாக்டிவ் பவருக்குத் தனியாகக் கட்டணம் வாங்குவது இதனால்தான்.

ரீசாகர் போன்றவர்களைப் பார்த்து டென்மார்க்கில் கொல்லர்களும் விவசாய இயந்திரம் செய்பவர்களும் களத்தில் இறங்கினார்கள். 22 கிலோவாட், 30, பிறகு 55 கிலோவாட் என்று வளர்ந்தது. அந்த டேனிஷ் வம்சத்து 55 கிலோவாட் காற்றாலைகள்தான் 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் வந்து நின்றன. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை அது. ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் அதற்குப் பின் வந்த கதை. அதை இந்தத் தொடரில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

முப்பந்தலில் நின்றவை பெரும்பாலும் நூற்பாலை முதலாளிகளின் காற்றாலைகள். ஒரு ஊராட்சி சொந்தமாகக் காற்றாலை வைக்க முடியுமா என்று கேட்டது ஓடந்துறை. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஊராட்சி. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006-ல், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சி வாங்கியது. விலை ரூ.1.55 கோடி. ஊராட்சி சேர்த்து வைத்திருந்தது ரூ.40 லட்சம், மீதி வங்கிக் கடன். ஊராட்சிக்குக் கடன் தருவதற்கு வங்கிகள் எத்தனை தடவை மூக்கைச் சொறிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. மேட்டுப்பாளையத்தில் அதற்கேற்ற காற்று கிடையாது. நிற்பது உடுமலைப்பேட்டை பக்கத்தில் மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் பாதை அது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் அங்கேயே, பக்கத்து மில்லுக்கோ கிணற்றுக்கோ போய்விடுகிறது. ஓடந்துறைத் தெருவிளக்கில் எரிவது வேறு எங்கோ உற்பத்தியான மின்சாரம். ஊராட்சிக்கும் காற்றாலைக்கும் இடையே ஓடுவது கணக்கு மட்டும்தான். வருடத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் வருகிறது; ஊராட்சியின் தேவை 4.5 லட்சம், மீதி மின்வாரியத்துக்கு விற்பனை. கிரிட் என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உடுமலையில் வீசும் காற்று மேட்டுப்பாளையத்து ஊராட்சிக்கு வருமானமாவது வாரியத்தின் கம்பியால்.

‘எங்களுக்கு நாங்களே மின்சாரம் தயாரித்துக்கொள்கிறோம், வாரியம் எதற்கு’ என்று வீரம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாடியில் தகடு வைத்த வீடும் ஓடந்துறை மாதிரிதான். பகல் பதினொரு மணிக்கு மாடியில் விளைவதில் முக்கால்வாசி எதிர்வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. இரவு எட்டு மணிக்கு அந்த வீட்டு ஏ.சி. ஓடுவது நெய்வேலியிலோ கூடங்குளத்திலோ உற்பத்தியான மின்சாரத்தில். இரண்டையும் கழித்துச் சமன் செய்து காட்டுவது மீட்டர். முன்பு தட்டு இரண்டு பக்கமும் சுற்றியது; இப்போதுள்ள மீட்டர் உள்ளே வந்ததைத் தனியாகவும் வெளியே போனதைத் தனியாகவும் எண்ணுகிறது. ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு போகிறார்.

ஒரு வீடு இப்படி இணைந்தால் கிரிட்டுக்கு ஒன்றும் தெரியாது. பத்து வீடு இணைந்தாலும் தெரியாது. கான் எடிசனின் பயம் 1976-ல் அபத்தமாகப் பட்டதற்குக் காரணம் எண்ணிக்கை. லட்சங்களில் இணையும்போது அதே பயத்துக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. நான் படித்தவற்றில் இதற்கு நல்ல பாடம் ஜெர்மனியுடையது.

ஜெர்மனி 1991-லேயே, காற்றிலும் வெயிலிலும் விளைந்த மின்சாரத்தை மின் நிறுவனங்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்ட நாடு. 2000-ல் இன்னும் தாராளமான சட்டம். கூரைகள் தகடுகளால் நிறைந்தன. அங்கே ஒரு பாதுகாப்பு விதி இருந்தது: கிரிட்டின் அலைவெண் 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் இன்வெர்ட்டர்கள் உடனே நின்றுவிட வேண்டும். தகடுகள் கொஞ்சமாக இருந்தபோது எழுதிய விதி, அப்போதைக்குச் சரியான விதி. 2010 வாக்கில் யாரோ உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோதுதான் விபரீதம் புரிந்தது. நல்ல வெயில் நாளில் கிரிட் 50.2-ஐத் தொட்டால், பல ஆயிரம் மெகாவாட் ஒரே நொடியில் கழன்றுவிடும். ஐரோப்பா முழுவதற்கும் திடீர் இழப்பைத் தாங்க ஒதுக்கி வைத்திருந்த இருப்பே 3,000 மெகாவாட்தான். மின்சாரம் அதிகமாக இருக்கிறது என்று தொடங்கும் ஒரு சின்னத் தடுமாற்றம், மின்சாரமே இல்லை என்று கண்டத்தை இருட்டாக்கி முடிந்திருக்கும். 2012-ல் சட்டம் போட்டு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கூரை அமைப்புகளுக்கு ஆள் அனுப்பி, ஒவ்வொன்றின் எல்லையையும் மாற்றியமைக்க வேண்டிவந்தது. எல்லாரும் ஒரே நொடியில் நிற்காமல் படிப்படியாகக் குறையும்படி.

நமக்கு இன்னும் பக்கத்தில் இலங்கை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்துவிட்டது என்றார் அமைச்சர். தீவு முழுக்க மின்சாரம் போனது. உலகம் குரங்கைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் குரங்கு புகுந்த ஊரெல்லாம் நாடே இருண்டுவிடுவதில்லை. விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, வெயில் நல்ல வெயில், கூரைகளிலிருந்து வரும் பங்கு மிக அதிகம். அனல், நீர் மின் நிலையங்களில் பல டன் எடையுள்ள டர்பைன்கள் சுழலும். ஓர் அதிர்ச்சி வந்தால் அந்தச் சுழற்சியின் கனமே சில நொடிகளுக்குக் கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கும். கூரைத் தகட்டில் சுழல எதுவும் இல்லை. சுழலும் கனம் குறைந்திருந்த நேரத்தில் தட்டியதால் முழுவதும் சரிந்தது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, இலங்கை மின்சார சபை கூரைச் சோலார் வைத்திருந்தவர்களிடம் பகலில் மூன்று மணி வரை அணைத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டது. 2016-ல் ‘சூரியபல சங்கிராமய’ என்று திட்டம் போட்டு, தகடு வையுங்கள் என்று கூவி அழைத்த அதே அரசு அமைப்பு.

தமிழ்நாட்டில் அந்த நிலை வர நாளாகும். இந்தியாவின் கிரிட் மிகப் பெரியது. ஆனால் சின்ன அளவில் தெருக்களில் அது ஏற்கெனவே எட்டிப் பார்க்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு எப்போதும் வோல்டேஜ் குறைவு என்பது நாம் அறிந்த புகார். மாடிகளில் தகடு கூடிய தெருவில் மத்தியானம் புகார் தலைகீழாகிறது. ஆளில்லாத வீடுகள், ஓடாத விசிறிகள், எல்லா மாடியிலிருந்தும் மின்சாரம் ஒரே கம்பிக்குள் பாய்கிறது. கடைசி வீட்டில் வோல்டேஜ் 250-ஐத் தாண்டுகிறது. 253-ஐத் தொட்டால் விதிப்படி இன்வெர்ட்டர் ஒதுங்கிவிடும். ‘நல்ல வெயில்ல நிக்குது சார், சாயங்காலம் ஓடுது’ என்று வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் போடுவார். கம்பெனிக்காரர் ஈ.பி.யைக் கைகாட்டுவார், ஈ.பி.யில் இன்வெர்ட்டரைக் கைகாட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. கம்பி தடிமனாக வேண்டும், அல்லது ட்ரான்ஸ்ஃபார்மரின் டேப்பை மாற்ற வேண்டும், அல்லது அந்த மின்சாரத்துக்கு மத்தியானமே வேலை தர வேண்டும்.

அந்தச் செலவு யாருடையது என்பதில்தான் இப்போதைய சண்டை. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் வீட்டுக் கூரைச் சோலாருக்கான சூர்ய கர் திட்டத்தை அறிவித்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதே மாதம் நுகர்வோர் உரிமை விதிகளையும் திருத்தியது: 10 கிலோவாட் வரை கேட்டால் தொழில்நுட்பச் சாத்தியம் பார்க்கிறோம் என்று காலம் கடத்தக்கூடாது, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே பொருள். நல்ல விதி. வாசலில் நின்று தடுப்பதற்கு வைத்திருந்த கதவைக் கழற்றிவிட்டது. உள்ளே கம்பியைத் தடிமனாக்கும் பணம் மட்டும் மாநில வாரியத்தின் தலையில்.

வாரியம் அதை ‘நெட்வொர்க் கட்டணம்’ என்று வசூலிக்கப் பார்க்கிறது. கோவைப் பக்கத்துச் சிறுதொழில்காரர்கள் இதை எதிர்த்துப் போராடியது நினைவிருக்கலாம். அவர்களின் கேள்வி எனக்குச் சரியாகவே படுகிறது. என் பட்டறைக் கூரையில் விளைந்து, கீழே என் லேத்திலேயே செலவான யூனிட் வாரியத்தின் கம்பியைத் தொடவே இல்லை. அதற்கு ஏன் கம்பிக் கூலி? கம்பி தயாராக நிற்பதற்கு மாதா மாதம் நிலைக்கட்டணம் ஏற்கெனவே போகிறதே? தெருவுக்குப் போய்த் திரும்பி வந்த யூனிட்டுக்குக் கேட்டால் அதில் நியாயம் உண்டு. பகலில் ஏற்றிய யூனிட்டை இரவில் அப்படியே திருப்பிக் கேட்கும் வீட்டுக்காரர், உண்மையில் வாரியத்திடம் இலவசமாக ஒரு கிடங்கை அனுபவிக்கிறார். மாடியில்லாத, தகடு வைக்க வழியில்லாத வாடகை வீட்டுக்காரரின் பில்லில் அந்தக் கிடங்குச் செலவு ஏறுகிறது. நெட் மீட்டரிங்கை ஆதரித்து மேடையில் பேசுகிறவர்கள் இவரைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒன்றுக்கு ஒன்று என்ற இந்தப் பண்டமாற்று நீண்ட நாள் ஓடப்போவதில்லை. கலிஃபோர்னியா 2023 ஏப்ரலோடு புதியவர்களுக்கு அதை நிறுத்திவிட்டது; ஹவாய் 2015-லேயே நிறுத்திவிட்டது. இந்தியாவிலும் 2023-ல் திருத்திய மத்திய விதிகள், ஸ்மார்ட் மீட்டர் வந்த இடங்களில் வெயில் நேரத்து யூனிட்டுக்கு விலை குறைவாகவும், உச்சநேர யூனிட்டுக்கு அதிகமாகவும் வாங்கச் சொல்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் தமிழ்நாட்டு வீடுகளுக்கு எப்போது முழுமையாக வரும் என்பது டெண்டர்களின் கையில் இருக்கிறது. வந்துவிட்டால், மத்தியானம் ஒரு மணிக்கு மாடியிலிருந்து போன யூனிட்டும் இரவு ஏழு மணிக்குக் கம்பியிலிருந்து வரும் யூனிட்டும் பில்லில் வேறு வேறு வரிகளில், வேறு வேறு விலையில் நிற்கும். அப்போது வீட்டுக்காரருக்கு இரண்டே வழி: மோட்டார் போடுவது, துணி துவைப்பது, ஸ்கூட்டருக்குச் சார்ஜ் ஏற்றுவது எல்லாவற்றையும் உச்சி வெயிலுக்கு மாற்றுவது, அல்லது ஒரு பேட்டரி வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைப்பது. அந்தப் பேட்டரியின் விலை பத்தாண்டில் எப்படி விழுந்தது, அதை வாங்கும் அளவுக்கு இப்போது கட்டுபடியாகுமா என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)